எல்லாம் ஒரே வீட்டுக் குடமா?

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அன்றைக்கே போன் வரும். என் பேரை எதற்கு இழுத்தாய் என்று சண்டை போட வராது. இந்தக் கட்டுரையில் எந்தப் பொருளை எங்கே தப்பாக வர்ணித்திருக்கிறேன் என்று திருத்தம் சொல்ல வரும். ஆபீஸில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கீறல் மேடம். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். இரண்டே வாரத்தில் அது அவர் காதுக்குப் போய், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

குரோம்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். வெளிநாட்டில் யாரோ வீடியோ கேம் தயாரிப்பார்கள். அதில் வருகிற நாற்காலி, வாளி, குப்பைத்தொட்டி, கதவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நிஜம் மாதிரியே செய்து அனுப்புவது எங்கள் வேலை. எனக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது. யார் எதை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, முடிக்காதவர்கள் பக்கத்தில் போய் நின்று பெருமூச்சு விடுவதுதான் என் உத்தியோகம். அதை நான் நன்றாகவே செய்தேன்.

புதிதாக வருகிற எல்லாருக்கும் எங்கள் பாஸ் ஒரே பரீட்சைதான் வைப்பார். தான் டீ குடிக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, இதைச் செய்து காட்டு என்பார். கொஞ்சம் கை தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் பளபளவென்று ஒரு டம்ளரைத் திரையில் கொண்டுவந்துவிடுவார்கள். இவர் முதல் நாள் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். திருப்பினார், சாய்த்தார், நகத்தால் தடவினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். மதியம் வரை இதே கதை. நான் என் அட்டவணையில் பூஜ்ஜியம் சதவீதம் என்று போட்டுவிட்டு, இது தேறாது என்று பாஸுக்குக் கண்ஜாடை காட்டினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் உட்கார்ந்தார். நாலரை மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். திரையைப் பார்த்த பாஸ் சட்டென்று தன் மேஜைப் பக்கம் திரும்பி, டம்ளர் அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். விளிம்பில் அதே நெளிவு. வெளிப்புறம் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், கம்பி நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்தவை. உட்புறத்தில் அந்தக் கீறல் பாதி வரைதான் இருந்தது. அடியில் பழைய டீயின் பழுப்பு.

"தேய்க்கறவங்க கை அடி வரைக்கும் போகல சார். அதான் அங்க கீறல் இல்ல," என்று மேடம் விளக்கம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டீத்தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார் செல்வி அக்கா. அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்கள் ஆபீஸைப் பெருக்கி, டீ போட்டு, டம்ளர் கழுவுகிறவர்.

"அப்ப நான் ஒயுங்கா கழுவலன்ற," என்றார்.

மேடத்துக்கு அது கோபம் என்றே புரியவில்லை. ஆமாக்கா, அதனால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருக்கு மட்டும் டீ ஆறிப்போய் வந்தது. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆறின டீயில் ஏடு எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட்டில் தேடினால் எந்தப் பொருளுக்கும் ஆயிரம் படம் கிடைக்கும். மற்ற எல்லாரும் அதைப் பார்த்துத்தான் செய்தார்கள். இவர் தொடமாட்டார். "அது யாரோ பாத்தது சார். நான் இன்னும் பாக்கலையே," என்பார். மாடம்பாக்கத்திலிருந்து வருகிற வழியில் கண்ணில் படுவதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வருவார். துருப்பிடித்த பூட்டு, ஒற்றைச் செருப்பு, பாதிச் செங்கல். உதவி செய்கிறேன் என்று அவர் பையை வாங்கியவர்களுக்குக் கை தொங்கிவிடும். ஒரு நாள் செல்வி அக்கா பாவம் பார்த்து அவர் மேஜையைத் துடைத்து வைக்க, காலையில் வந்தவர் பதறிப்போய், தூசியை எங்கே போட்டீர்கள் என்று கேட்டார். செல்வி அக்கா அந்தக் கேள்வியை அனகாபுத்தூர் வரை கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவரோடு வெளியே போவது இன்னொரு தொல்லை. ஒரு முறை ஆபீஸ் வேலையாகத் தாம்பரம் போய்விட்டு ரயிலில் திரும்பினோம். வாசலோரம் ஒரு கம்பி. கை பிடித்துப் பிடித்து நடுவில் மட்டும் பெயின்ட் போய் மின்னிக்கொண்டிருந்தது. மேடம் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். கம்பியை ஒட்டி வாட்டசாட்டமாக ஒருவர் நின்றிருந்தார். என்னை எதற்குப் படம் எடுக்கிறாய் என்று அவர் முறைத்தார். நான் வேர்த்துப்போய், இது ஆபீஸ் வேலை, கம்பியைத்தான் எடுக்கிறார் என்று கெஞ்சினேன். அவர் நம்பவில்லை. மேடம் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். பதினேழு படம். பதினேழிலும் கம்பி மட்டும்தான். ஓரத்தில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. மனிதர் முகம் வாடிவிட்டது.

"இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறேன். கம்பிதான் கண்ணுக்குத் தெர்தா ஒனக்கு?"

குரோம்பேட்டையில் இறங்கும்போது மேடம் அவரை அந்தக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். கைக்காகத்தான். ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது.

என் மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு அஸ்தினாபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி புதுத் திரைச்சீலை மாட்டி, சோபாவுக்கு உறை மாற்றி, யாராவது பாராட்ட வேண்டும் என்று காத்திருந்தாள். மேடம் நேராகப் போய் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றுகொண்டார். அங்கே சுவர் கறுத்திருக்கும். என் மனைவிக்கு மானம் போய்விட்டது. மேடம் அவளையே கூப்பிட்டுக் காட்டினார். "இது உங்க ரெண்டு பேர் கை. இதோ, கீழ ஒண்ணு தனியா இருக்கு பாருங்க. பாப்பா எகிறி எகிறி அடிக்குது. அதுக்கு இன்னும் எட்டல."

மறுநாள் என் மனைவி சோப்புத் தண்ணீர் எடுத்து அந்தச் சுவரைத் தேய்த்தாள். மேலே இருந்த கறை போய்விட்டது. கீழே இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றாள். மறக்கிற ஆள் இல்லை அவள். அன்றைக்குத்தான் எனக்குக் கீறல் மேடம் மேல் நிஜமான மரியாதை வந்தது. ஆபீஸில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் என் பெருமூச்சுக்கு மதிப்பு இருக்காது.

பிறகு அந்தக் குட விவகாரம் வந்தது.

அந்த வருஷம் வேலை வறண்டு கிடந்தது. கையில் இருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று, பரீட்சைக்கு ஒரே ஒரு காட்சி செய்து அனுப்பச் சொன்னது. சென்னைப் புறநகரில் ஒரு சந்து. தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. மனிதர்கள் யாரும் கிடையாது. அவர்களுக்குப் பதிலாக நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இடம் பிடித்து நிற்கின்றன. இது பிடித்துவிட்டால் முழு விளையாட்டின் வேலையும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று பாஸ் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். வரைகிறவர்களுக்கு வேறு இடம் கிடைக்கும். பெருமூச்சு விடுவதற்கு யார் ஆள் எடுப்பார்கள்?

வழி கண்டுபிடித்தது நான்தான். ஒரு குடத்தைப் பிரமாதமாகச் செய்துவிட வேண்டியது, அதையே நாற்பது தடவை வைத்து நிறத்தை மட்டும் மாற்றிவிட வேண்டியது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மேடமும் மறுப்பு சொல்லவில்லை. செல்வி அக்கா தன் வீட்டுப் பச்சைக் குடத்தை இரவல் கொடுத்தார். மேடம் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். குடத்தின் கழுத்தில், வேறு யாரும் எடுத்துப்போகாமல் இருக்க, காய்ச்சிய கரண்டிக் காம்பால் 'செ' என்று சுட்டு எழுதியிருந்தது. பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் திரண்டிருந்ததையும், அந்த இடுக்கில் அழுக்கு ஏறியிருந்ததையும் கொண்டுவர மட்டும் ஒரு முழு நாள் ஆயிற்று. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு போய் மங்கியிருந்தது. வெயில் பட்டு வெளுத்தது என்று சொல்லி அதையும் செய்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். புதன்கிழமையே நாற்பது குடமும் திரையில் வரிசை கட்டிவிட்டன. பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு. எல்லாரும் கை தட்டினோம். பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் அட்டவணையில் நூறு சதவீதம் என்று போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு எண்ணை எழுதியதில்லை.

செல்வி அக்கா டீயோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லாம் ஒரே வூட்டு கொடமா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தட்டை வைத்துவிட்டு விரலால் காட்டினார். நீலக் குடத்தில் 'செ'. சிவப்பில் 'செ'. ஆரஞ்சில் 'செ'. கடைசிக் குடம் வரை, அதே உருகல், அதே அழுக்கு.

"ஒருத்தியே நாப்பது கொடம் வெச்சா தெருவுல சும்மா வுடுவாங்களா? மண்டைய ஒடைச்சுக்குவாங்க," என்றார்.

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. பாஸுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததே இல்லை. நான் சமாதானம் சொன்னேன். வெளிநாட்டுக்காரனுக்கு 'செ' தெரியுமா, 'சு' தெரியுமா, அழித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றேன்.

"அழிச்சா அது யார் குடமும் இல்ல சார். அடையாளம் இல்லாத குடத்தை யாரு வரிசையில வெப்பாங்க?" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரலில், "ஒரு குடத்தை அவ்ளோ பாத்தேன். வரிசையை நான் பாக்கவே இல்ல," என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. செல்வி அக்காவும் வரவில்லை, டீயும் இல்லை. நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். கடைசியில் பாஸ்தான், எங்கே போயிருப்பார் என்று தெரியாதா, போய்க் கூட்டிக்கொண்டு வா என்று என்னை விரட்டினார். வழி நெடுக என்ன திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே பைக்கில் அனகாபுத்தூர் போனேன்.

ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்து அது. லாரி இன்னும் வந்திருக்கவில்லை. குடங்கள் வரிசையில் நின்றன. மேடம் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். நோட்டும் பேனாவுமாக வந்தவரைக் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து, லாரி நேரத்துக்கு வருவதில்லை, மழை வந்தால் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் குடங்களோடு சேர்த்து அதையும் விடாமல் எழுதிக்கொண்டார். செல்வி அக்கா பக்கத்தில் நின்று எந்தக் குடம் யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு குடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் மூன்று புள்ளி. ஒன்றின் கழுத்தில் பழைய ரிப்பன். ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டு, அதற்கு மேலேயே இன்னொரு ஸ்டிக்கர் பொட்டு. ஒரு நீலக் குடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக்கை உருக்கிப் போட்ட ஒட்டு. ஒன்றில் சிலுவை. திட்டுவதற்காக வாய் திறந்த நான், அடுத்தது என்ன அடையாளம் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

லாரி வந்தது. சந்து ஒரே களேபரம். ஒரு அம்மா, சும்மா நிற்கிற ஆம்பளைக்கு என்ன கேடு என்று கேட்டு, நிறைந்த குடத்தை என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு கையால் தூக்கினால் நடக்க வரவில்லை. இடுப்பில் வை சார் என்று நாலு பக்கமும் குரல். வைத்தேன். வழுக்கியது, சட்டை நனைந்தது, எல்லாருக்கும் கொண்டாட்டம். மேடம் எழுந்து ஓடிவந்தார். உதவத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் இடுப்பையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில் இல்ல சார். இடுப்பு. இத்தன வருசம் இடுப்புல உரசி உரசித்தான் அக்கா குடம் அந்தப் பக்கம் மங்கியிருக்கு. மூணு நாள் பாத்தும் எனக்குத் தெரியல."

இத்தனை சந்தோஷமாகத் தன் தப்பை ஒப்புக்கொண்ட ஒருவரை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. குடத்தைக் கீழே வைக்க அனுமதி உண்டா என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை.

ஆபீஸ் திரும்பும்போது மணி பன்னிரண்டு. நாற்பது குடத்தைத் தனித்தனியாகச் செய்ய நேரமே கிடையாது என்றேன். நாற்பது வேண்டாம், அந்தச் சந்தில் அக்கா குடத்தையும் சேர்த்து இருபத்துமூன்றுதான், இருபத்துமூன்றே செய்யலாம் என்றார் மேடம். கேட்டது நாற்பதாயிற்றே என்று பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் பெருமூச்சு விடுவேன், அதை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்திருக்கிறார். என் இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. இருபத்துமூன்றே அனுப்பலாம் என்று சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

பதினோரு பேரும் உட்கார்ந்தோம். எனக்குக் கொடுத்த வேலை நோட்டைப் பார்த்து அடையாளங்களை உரக்கப் படிப்பது. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு இருபத்துமூன்று குடமும் நின்றன. செல்வி அக்காவைக் கூப்பிட்டு மேடம் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது கமலாவுது. இது பாய் வூட்டுது. இது அந்த மாடி வூட்டு ரோஸி. பொட்டு மேல பொட்டு ஒட்டுவா," என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வரிசைக் கடைசியில் தன் பச்சைக் குடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னுத இன்னாத்துக்குக் கடைசில வெச்சிகிற? நான் வெடிகாலைல அஞ்சு மணிக்கே வெக்கிறவ. என் எடம் எப்பவும் மொத எடம்."

இது வெறும் படம்தான் அக்கா என்று பாஸ் சொல்லிப் பார்த்தார். படமாக இருந்தால் மட்டும் கடைசியில் நிற்க முடியுமா என்றார் செல்வி அக்கா. மேடம் என்னைப் பார்த்தார். குடத்தை நகர்த்தினால் வெளிச்சம், நிழல் எல்லாம் மறுபடி கணக்காகி, படம் வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஐந்து மணியைத் தாண்டிவிடும். என் உத்தியோகத்தில் ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தாமதமாக எதுவும் போனதில்லை.

"மாத்துங்க மேடம். அக்கா இடம் அது," என்றேன்.

ஐந்தே முக்காலுக்கு அனுப்பினோம். தாமதமாகவும், பதினேழு குடம் குறைவாகவும். சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு வரியில் பதில் வந்தது. காட்சி பிடித்திருக்கிறது, மொத்த வேலையையும் ஆரம்பிக்கலாம் என்று. குடங்களை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை. பாஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேடம் ஓடிப்போய்ச் செல்வி அக்காவிடம் சொன்னார். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, அடி வரைக்கும் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே, இதை மட்டும் சொன்னார்: "லாரி வந்தா எவளாச்சும் என் கொடத்த நவுத்துவா. பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று மேடம் சத்தியம் செய்கிற முகத்தோடு சொன்னார்.

மேடம் இப்போது ஐதராபாத்தில் ஒரு சினிமாக் கம்பெனியில் இருக்கிறார். அந்த விளையாட்டு வெளிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். யாரோ துரத்த, அவளுடைய ஆள் அந்தச் சந்துக்குள் ஓடிவந்தான். குடத்தின் மேல் மோதாதே என்று நான் கத்தியதில் அவள் பயந்து நிறுத்திவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். பச்சைக் குடம் முதல் இடத்திலேயே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பார்க்காதபடி மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

சோபாவில் போய் உட்கார்ந்து மேடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அக்கா குடம் இன்னும் முதலில்தான் இருக்கிறது, யாரும் நகர்த்தவில்லை என்று.

உடனே பதில் வந்தது. "இத்தன வருசம் ஆச்சே சார், இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கணுமே. இடுப்புப் பக்கம் பாத்து சொல்லுங்க."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.